பூவைத் தூங்க வைத்தது எது?

ஜெயந்தினியிடம் ஒரு பூவை நீட்டிப் பாருங்கள். அழகு என்றோ வாசம் என்றோ ஒரு சொல் வராது. காம்பைப் பிடித்துத் திருப்புவார், இதழின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தொடுவார், பிறகு "இன்னும் மூணு நாளுங்க" என்பார். என் மனைவியின் பிறந்தநாளுக்கு நான் வாங்கி வைத்திருந்த ரோஜாக் கொத்தையும் அப்படித்தான் பார்த்து, "நாளைக்கு மத்தியானம் தாண்டாது அண்ணே" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்க உட்கார்ந்தார். மறுநாள் பதினொரு மணிக்கே அது தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. என் மனைவிக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. பூ வாடியதைக்கூடப் பொறுத்துக்கொண்டார், ஜெயந்தினி சொன்னது சரியாகப் போனதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

பூ ஏன் மூப்படைகிறது, இதழில் உள்ள கலங்கள், அதாவது செல்கள், எப்படிச் சாகின்றன என்பதுதான் ஜெயந்தினியின் ஆராய்ச்சி. நுவரெலியாவில் எங்கள் ஆய்வுகூடத்தில் அவர் விஞ்ஞானி, நான் தொழில்நுட்ப உதவியாளன். என் பெயர் றமணன், ஊர் பருத்தித்துறை. ஒன்பது வருடமாக இரண்டு கம்பளிச்சட்டையைப் போட்டுக்கொண்டு இந்தக் குளிரைத் திட்டியபடியே வேலை செய்கிறேன். மூப்பைப் பற்றி ஆராய வேண்டுமென்றால் பூவை விட்டுவிட்டு என் முழங்காலை ஆராயலாம் என்று ஜெயந்தினியிடம் பலமுறை சொல்லிவிட்டேன். அவர் அசைவதாக இல்லை.

வந்த புதிதில் நுணுக்குக்காட்டியில் எனக்கு ஓர் இதழைக் காட்டினார். இதழை நீலச் சாயத்தில் ஊறவைத்துக் கழுவியிருந்தார். உயிருள்ள கலம் சாயத்தை உள்ளே விடாது. செத்த கலம் கதவு திறந்து கிடக்கும் வீடு மாதிரி, சாயம் உள்ளே புகுந்து நீலமாகிவிடும். அன்று நான் பார்த்தது காலையில்தான் வெட்டிய லில்லி. வெளியே பார்த்தால் புத்தம் புதுசு. உள்ளே அங்கங்கே நீலப் புள்ளிகள்.

"இது இப்பவே சாகத் தொடங்கியிட்டுது, டொக்டர்" என்றேன்.

"கடையைக் கட்டுதுன்னு சொல்லுங்க அண்ணே. இதழ்ல இருக்கிற சீனி, உப்பு எல்லாத்தையும் பிரிச்சு, மூட்டை கட்டி, விதைப் பக்கம் அனுப்பிட்டுத்தான் கதவ சாத்தும். யாரும் வந்து கொல்லுறதில்ல. அதுக்குள்ளயே உத்தரவு இருக்கு. அந்த உத்தரவு எப்ப கெளம்புது, எது கெளப்புதுன்னுதான் நான் தேடிக்கிட்டு இருக்கேன்."

அவர் பிறந்தது பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். தேயிலையும் பூக்கும், வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளுமாக. ஆனால் மலையில் தேயிலை பூத்து நின்றால் யாரும் நின்று ரசிக்கமாட்டார்கள். செடியை வெட்டிவிடும் கவாத்து ஒழுங்காக நடக்கவில்லை என்று ஏச்சுத்தான் விழும். "பூத்தா திட்டு வாங்குற செடிய பாத்து வளந்தவங்க நாங்க. அதனாலயே பூ மேல ஒரு கண்ணு" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த லயத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கிருந்து ஜப்பானுக்குப் போய், மூன்று வருடம் பூக்களின் சாவைப் படித்துவிட்டு, நேரே இந்த மலைக்கே திரும்பி வந்தார். வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "எங்க அக்கா இங்க இருக்காங்க."

அக்கா என்றால் நாகலெட்சுமி. எட்டு வயது மூத்தவர். சாதாரண தரப் பரீட்சையோடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போனவர், தங்கை படிக்க வேண்டும் என்பதற்காக. கடைசிப் பதினொரு வருடமாகத் தோட்டத்துக்கு மேலே உள்ள ஒரு பூப்பண்ணையில் வேலை. கார்னேஷன் பூக்களைத் தரம் பிரித்து இருபது இருபதாகக் கட்டுவது அவர் பொறுப்பு. எந்தப் பூ கொழும்புவரை தாங்கும், எது வழியிலேயே படுத்துவிடும் என்று தூக்கிப் பார்த்த கையோடு சொல்லிவிடுவார். ஜெயந்தினிக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கு அவரைப் பார்த்த அன்றே விளங்கிவிட்டது.

நாகலெட்சுமியின் கணவர் கந்தப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. நாற்பத்தாறு வயது. மரண வீட்டில் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு, "என் மகன முழுங்கிட்டாளே" என்று மருமகளைக் கைநீட்டிக் கத்தினாராம். அழுகிறவர் வாயில் எதுவும் வரும் என்று சுற்றியிருந்தவர்கள் சமாதானம் சொன்னார்கள். நாகலெட்சுமி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் பண்ணைக்குத் திரும்பினார். திரும்பிய வாரமே கார்னேஷன்கள் கெட்டன. வெட்டி வைத்த இரண்டாம் நாள் இதழ்கள் உட்பக்கம் சுருண்டு, பூ கண்ணை மூடிக்கொண்டது. பூக்காரர்கள் இதைத் தூக்கம் என்பார்கள். தூங்கிய கார்னேஷன் பிறகு விழிக்காது. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. பண்ணையில் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை. தாலி இழந்த கை பட்டால் பூ நிற்காது என்பது நம் சனங்களுக்குப் பாலோடு ஊட்டப்பட்ட பாடம்.

இதில் நான் யோக்கியன் மாதிரிப் பேசக்கூடாது. என் சின்னம்மா விதவையான பிறகு, பூசைக்குப் பூப் பறிக்கப் போனவரை மறித்து, "விடுங்கோ சின்னம்மா, நான் பறிக்கிறன்" என்று கூடையைக் கையிலிருந்து வாங்கியவன் நான். அப்போது எனக்கு இருபது வயது. மரியாதையாகத்தான் வாங்கினேன். அந்த மரியாதையை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஒரு திங்கட்கிழமை அக்கா தொலைபேசியில் அழைத்தார். ஜெயந்தினி ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு இதழ் வெட்டிக்கொண்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"பாப்பா, நான் பூ கட்டுற வேலைய விட்டுட்டேன். உரக்குழிப் பக்கம் போடுங்கன்னு நானே கேட்டுட்டேன்."

"ஏங்க்கா?"

"என் கை பட்டா நிக்க மாட்டேங்குது. ஒனக்குச் சொன்னா கோபம் வரும். இந்த மாசக் கடைசியோட பதிவேட்டுல என் பேரயும் அங்க மாத்திருவாங்க. நல்லதுதான். மத்தவங்க பொழப்ப நான் ஏன் கெடுக்கணும்?"

ஜெயந்தினியின் கையிலிருந்த சவர அலகு மேசையில் விழுந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். "பூ எதனால சாகுதுன்னு உலகத்துக்கே எழுதிக்கிட்டு இருக்கேன். எங்க அக்கா கையாலன்னு சொல்றாங்க. வண்டியை எடுங்க அண்ணே" என்றார்.

ஆய்வுகூடத்து வண்டி புதன்கிழமைதான் கிடைத்தது, அன்றே பண்ணைக்குப் போனோம். மேற்பார்வையாளர் பிரதாப் எங்களை அழைத்துப் போனார். முப்பது வயது இளைஞர், நல்ல மனுஷர். பூக்கட்டும் அறை தடித்த கருங்கல் சுவர்களோடு, சன்னல்களை அடைத்து, இருட்டாக இருந்தது. குளிரூட்டி எந்திரம் பழுதாகி வருடக்கணக்காகிறது, மலைக் குளிரே போதும் என்று விட்டுவிட்டார்கள். சுவரில் முருகன் படம், கீழே விளக்கு. படத்தைக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

அக்கா அறையை விட்டுப் போன பிறகும் பூ தூங்கிக்கொண்டுதான் இருந்தது, அவர் தொட்ட வாளியிலும் கத்தரிக்கோலிலும் தோஷம் ஒட்டிக்கிடக்கிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஜெயந்தினி தூங்கிய பூவொன்றைத் திருப்பிப் பார்த்தார். "இது எதிலீன் வேலை" என்றார். எதிலீன் என்பது ஒரு வாயு. பழுக்கும் பழத்திலிருந்து வரும், வண்டிப் புகையிலிருந்து வரும், எரியும் எதிலிருந்தும் கொஞ்சம் வரும். கண்ணுக்குத் தெரியாது, அந்த அளவில் மூக்குக்கும் தெரியாது. கார்னேஷனுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். பட்டதும், உள்ளே பத்து நாள் கழித்துக் கிளம்ப வேண்டிய உத்தரவு இன்றைக்கே கிளம்பிவிடும்.

"லொறி உள்ள வருதுங்களா பிரதாப்?"

"இல்லங்க மிஸ். கீழ ரோட்டுலதான் நிக்கும்."

"பழம் கிழம் ஏதும் உள்ள வைக்கிறீங்களா?"

"சே, சாப்பாட்டையே உள்ள விடமாட்டோம்ங்க."

அங்கே வேலை செய்த மீனம்மாவிடமும் கேட்டார். "பழமா? இல்லீங்க" என்றார் அவர். நான் வேறொரு வார்த்தையில் மீண்டும் கேட்டேன். அதே பதில். இரண்டு பேரும் சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. அதனால் நாங்கள் வாளித் தண்ணீரைச் சோதித்தோம், கிருமியைச் சோதித்தோம், கத்தரிக்கோலைக்கூடச் சோதித்தோம். அடுத்த வாரமும் போனோம், அதே அறையில் அதே படத்தைக் கும்பிட்டோம், ஒன்றும் கிடைக்கவில்லை. மாசக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

மூன்றாம் தடவை போனது ஒரு வெள்ளிக்கிழமை. அறைக்குள் பூசை நடந்துகொண்டிருந்தது. சாம்பிராணிப் புகை மண்டிக்கிடந்தது. பிரதாப் தீபம் காட்டி, திருநீறு கொடுத்து, எல்லோருக்கும் பிரசாதமாக ஆளுக்கொரு வாழைப்பழம் நீட்டினார். ஜெயந்தினி பயபக்தியோடு வாங்கி, தோலை உரித்து, பாதியைக் கடித்தார். கடித்தவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"டொக்டர், என்ன, பழம் பழுதோ?" என்றேன்.

அவர் கையிலிருந்த மீதிப் பாதியைப் பார்த்தார். பிறகு முருகன் படத்துக்குக் கீழே பார்த்தார். அங்கே பட்டுத்துணி விரித்து, அதன் மேல் ஒரு முழுத் தார் வாழைப்பழம் பொன்னிறமாகச் சாய்ந்திருந்தது. போன இரண்டு தடவையும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அதற்கு முன்னால்தான் இரண்டு பேரும் கும்பிட்டு நின்றிருக்கிறோம்.

"பிரதாப், இது எத்தனை நாள் இங்க இருக்கும்?"

"வெள்ளிக்கு வெள்ளி புதுத் தாருங்க மிஸ்."

"பழம் வைக்கிறதில்லன்னு சொன்னீங்களே?"

பிரதாப் உண்மையாகவே விழித்தார். "இது பழம் இல்லீங்களே. சாமிக்கு வச்சது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமும் வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? பட்டுத்துணியில் ஏறி உட்கார்ந்த பிறகு எனக்கும் அது பழமாகத் தெரியவில்லை. இரண்டு பட்டங்கள் வாங்கிய ஜெயந்தினிக்கும் தெரியவில்லை.

"எப்பருந்து இந்தப் பூசை?" என்று கேட்டார் ஜெயந்தினி.

பிரதாப் தலையைக் குனிந்துகொண்டார். "முந்தி விளக்கு மட்டுந்தாங்க. அக்கா காரியம் முடிஞ்சு வந்த அன்னிக்குத்தான் தொடங்குனோம். தோஷம் எதுவும் அவங்கள ஒட்டக்கூடாதுன்னு. அவங்க நல்லதுக்குத்தாங்க செஞ்சேன். பூ வாட வாட இன்னும் பெரிய தாரா வச்சேன்."

ஜெயந்தினி கடித்த பழத்தை முழுதாகத் தின்று முடித்தார். "இது போதாது. செஞ்சு காட்டணும்" என்றார்.

அவருடைய திட்டம் நான்கு பெட்டிகள். இரண்டில் நாகலெட்சுமி வெட்டிக் கட்டிய பூ, இரண்டில் பிரதாப் வெட்டிக் கட்டிய பூ. இருவருடைய பெட்டிகளிலும் ஒன்றில் ஒரு சீப்பு வாழைப்பழம், மற்றதில் ஒன்றுமில்லை. மூடி வைத்து மூன்றாம் நாள் திறப்பது. பிரதாப் உடனே சம்மதித்தார். சிக்கல் அக்காவிடம்தான் இருந்தது.

லயத்து வீட்டில் அவர் எங்களுக்குத் தேநீர் ஊற்றித் தந்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார். உரக்குழியில் வேலை செய்து கைவிரல்கள் வெடித்திருந்தன.

"நான் தொடமாட்டேன் பாப்பா. என்னைய விட்டுரு."

"அக்கா, அது வாயு. பழத்துலருந்து வருது."

"நீ படிச்சவ. எதுக்கும் ஒரு பேரு வச்சிருப்ப. பூவுக்கு வாயுன்னு சொல்லுவ. மத்ததுக்கு என்னான்னு சொல்லுவ?"

மத்தது எது என்று யாரும் கேட்கவில்லை. சுவரில் கந்தப்பனின் படம் புதுச் சட்டத்தோடு தொங்கியது. ஜெயந்தினி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு வேறு மாதிரிப் பேசினார்.

"அக்கா, எனக்காகச் செய். பிரதாப் கட்டுன பூவ மட்டும் வச்சு நான் எதையும் எழுத முடியாது. ஒன் கை இல்லாட்டி இந்த ஆராய்ச்சி பாதியோட நின்னுரும்."

தங்கையின் படிப்புக்கு ஒன்று வேண்டும் என்றால் நாகலெட்சுமி இல்லையென்று சொன்னதே கிடையாது. ஜெயந்தினிக்கு அது தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தார். நான் மனதுக்குள் அவரைக் கெட்டிக்காரி என்றும் கொடுமைக்காரி என்றும் ஒரே நேரத்தில் திட்டினேன். அக்கா நீளமாக மூச்சு விட்டார்.

"வாடிருச்சுன்னா என்னைய ஏசக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலை அவர் மூன்று வாரத்துக்குப் பிறகு கத்தரிக்கோலைத் தொட்டார். இருபது பூவை ஒரே உயரத்தில் தட்டிச் சேர்த்துக் கட்டியது, பிரதாப்பின் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தபோது, பிள்ளை எழுத்துக்குப் பக்கத்தில் வாத்தியார் எழுத்து மாதிரி இருந்தது. பிரதாப்பே அதைச் சொல்லிச் சிரித்தார். பெட்டிகளை மூடி நான் இலக்கமிட்டு, அறையிலிருந்து தள்ளி வெளித் திண்ணையில் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் திறந்தோம். பனி இன்னும் விலகவில்லை, பெட்டிகளின் மூடியெல்லாம் ஈரம். முதல் பெட்டி அக்காவுடையது, பழம் வைத்தது. பூக்கள் எல்லாம் தூங்கியிருந்தன.

நாகலெட்சுமி பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். "பாத்தியா பாப்பா? நான்தான் அப்பவே சொன்னேனே."

ஜெயந்தினி இரண்டாவது பெட்டியைத் திறந்தார். அது பிரதாப்பின் கை, பழம் வைத்தது. அதுவும் அப்படியே தூங்கியிருந்தது. பிரதாப் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மூன்றாவது, பிரதாப்பின் கை, பழம் இல்லாதது. விழித்துக்கொண்டு நின்றது. நான்காவது பெட்டியை ஜெயந்தினி திறக்கவில்லை. "நீயே திற" என்றார்.

அக்கா திறந்தார். அவர் கட்டிய இருபது பூக்களும் வெட்டிய அன்று இருந்தபடி நிமிர்ந்து நின்றன.

அவர் அதை உடனே நம்பிவிடவில்லை. பதினொரு வருடம் தரம் பிரித்தவர். ஒவ்வொரு பூவாக உருவி, வெளிச்சத்தில் பிடித்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, திரும்ப வைத்தார். பிறகு மற்ற மூன்று பெட்டிக்கும் போய் அதே மாதிரிச் செய்தார். நாங்கள் மூன்று பேரும் பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகள் போல அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இந்தக் கட்டுல ஒண்ணுகூடக் கழிக்க வேணாம்" என்றார். பிறகு இரண்டாவது பெட்டியைக் காட்டி, "இது ஒன் கைதானே பிரதாப்பு?"

"ஆமாங்கக்கா."

"ஒன் கையிலயும் தூங்கியிருக்கு."

"ஆமாங்க."

"என் கையில முழிச்சும் இருக்கு."

"ஆமாங்கக்கா" என்றார் பிரதாப். அவர் ஓடிப்போய் அறைக்குள்ளிருந்த தாரைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே வைத்தார். "மிஸ், சாமிக்கு இனிமே என்னத்தங்க வைக்கிறது?" என்று கவலையோடு கேட்டார். "தேங்காய வைங்க. சாம்பிராணிய வாசல்ல போடுங்க" என்றார் ஜெயந்தினி. "அக்கா, நாளையிலருந்து உள்ள வந்துருங்க" என்று பிரதாப் நாகலெட்சுமியிடம் சொன்னார்.

நாகலெட்சுமிக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கைகளைத் தலைப்பிலிருந்து வெளியே எடுத்து, தங்கையைப் பார்த்து நின்றார்.

"அப்ப அவரையும் நான் முழுங்கல" என்றார்.

அது கேள்வி மாதிரிக் கேட்கவில்லை. ஜெயந்தினி எதிலீனைப் பற்றி விளக்கப் படங்கள் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். அதையெல்லாம் என் கையில் திணித்துவிட்டு அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இல்லக்கா. இல்லவே இல்ல."

"டாக்டர் எழுதுன தாள நீதான் படிச்சுக் காட்டுன. நெஞ்சுல ரத்தக்குழா அடைச்சிருச்சுன்னு. மூணு மாசமா பெட்டியில வச்சிருக்கேன் பாப்பா. தெனமும் எடுத்துப் பாக்குறேன். நம்ப முடியல. இப்ப நம்புறேன்."

அக்காவும் தங்கையும் வாய்விட்டு அழுதார்கள். நானும் அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. நாகலெட்சுமிதான் முதலில் அழுகையை நிறுத்தினார். முகத்தைத் தலைப்பால் துடைத்தார். மறுநாள் வரை அவர் காத்திருக்கவில்லை. சன்னல்களை எல்லாம் திறக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் போய், அன்று காலை வெட்டி வந்திருந்த வாளிகளுக்கு முன்னால் நின்று, முதல் பூவை எடுத்தார்.